லைனுக்கு ஒரு பெயர்

இந்தக் கூட்டத்துக்கு ‘உயர்வோம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேன்டீன் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மதியம் ஊற்றிய கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் இன்னும் போகாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் உயர வேண்டுமாம். மின்விசிறி நான்கு, ஓடுவது மூன்று, மூன்றும் மேடைப் பக்கம். என் நாற்காலியின் முதுகில் ஒரு விரிசல் இருக்கிறது, சாய்ந்தால் சேலையைக் கடிக்கிறது, ஆகவே சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் அக்கறையாகக் கேட்பதுபோல் தெரியும். தெரியட்டும். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர், பேனரில் ஓர் ஏணி, ஏணியின் உச்சியில் கோட்டுப் போட்ட ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அந்த ஏணி எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று வரைந்தவன் காட்டவில்லை. காற்றில் நிற்கிறது. ஒரு பனியன் கம்பெனியில் கோட்டுப் போட்டவன் எங்கே இருக்கிறான், முதலாளியே அரைக்கை சட்டையோடுதான் வருகிறார். ஹெச்.ஆர். என்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிற ரிஷிகேசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கிறான், நின்ற இடத்தில் நின்று பேசினால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் போல. “உங்க ஒவ்வொருத்தர் டீம்லயும் ஒரு வைரம் இருக்கு. பட்டை தீட்டாத வைரம். அதை அடையாளம் காட்டுங்க.” லைனுக்கு ஒரு பெயர். லைன் சூப்பர்வைசர் எழுந்து மைக்கில் பெயரைச் சொல்லி, ஏன் அந்த ஆள் என்று காரணமும் சொல்ல வேண்டும். பெயர் வந்த ஆளுக்கு நாளை முதல் அடுத்த கட்டடத்தில் மூன்று மாதம் பயிற்சி, முடித்தால் ஒரு படி மேலே: டெய்லருக்கு உதவியாளான கைமடி, டெய்லர் ஆகலாம், டெய்லர் சூப்பர்வைசர் ஆகலாம். போனவர்கள் பழைய லைனுக்குத் திரும்பி வருவதில்லை. மொத்தம் பதினோரு லைன். நான் எட்டாவது. மைக் இப்போதுதான் முதல் ஆளிடம் போயிருக்கிறது.

முதல் ஆள் நாகமாணிக்கம். எழுந்திருக்கும்போதே சிரிக்கிறான், அந்தச் சிரிப்பிலேயே யார் பெயர் வரப்போகிறது என்று அரங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. “எங்க லைன்ல சிவராஜுங்க. நல்ல தலைமைப் பண்பு இருக்குதுங்க.” பின்வரிசையில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். சிவராஜின் தலைமைப் பண்பு என்னவென்றால், போன மாதம் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போனதற்கு இரண்டு டெய்லரை அடித்துக்கொள்ள வைத்துவிட்டு, இவன் நடுவில் நின்று பஞ்சாயத்து பேசினான். லைனில் ஒருவரும் இவனோடு சேர்ந்து தண்ணீர் குடிக்கப் போவதில்லை. நாகமாணிக்கம் இவனை எப்படியாவது கைகழுவ வேண்டும் என்று பொங்கலிலிருந்து என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தான், இன்றைக்கு வழி கிடைத்துவிட்டது. ரிஷிகேசன் “சூப்பர், எல்லாரும் கை தட்டுங்க” என்கிறான். தட்டுகிறார்கள். சிவராஜ் எழுந்து கும்பிடுகிறான், அவனுக்கும் தெரியுமோ தெரியாதோ, தெரிந்தாலும் கும்பிடுகிறவன்தான். அடுத்தது அயனிங் ஈஸ்வரமூர்த்தி. “தம்பி லோகநாதன். துணிச்சலான பையன், எதுக்கும் பயப்பட மாட்டான்.” லோகநாதன் பயப்படாமல் கருக்கிய காலர்கள் ஒரு மூட்டை தேறும். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே. ஒருவன்கூடத் தன் நல்ல ஆளைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான், நல்ல ஆள் போனால் இவன் லைன் படுத்துவிடும், படுத்தால் மேனேஜர் வந்து நிற்பார், நிற்க வைத்துக் கேட்பார். ஆகாத ஆளை மேலே அனுப்பினால் லைனும் சுத்தம், அனுப்பினவனுக்குக் கைதட்டும் உண்டு. போன வருடமும் இதுதான் நடந்தது, அதற்கு முந்தைய வருடமும். நடத்துகிற ரிஷிகேசனுக்கு இது இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், மேனேஜர் கனகசபாபதி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடியும் மூடாமலும். அவர் மேலே வந்த கதையும் எனக்குத் தெரியும். சாயப்பட்டறை ஸ்டோரில் இருந்தார், மூட்டைகளுக்கு நடுவில் தூங்குவார். எழுப்பி எழுப்பி அலுத்துப்போன ஸ்டோர்க்காரர் ஆபீசில் ஆள் வேண்டும் என்றதும், இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பி வைத்தார். அங்கிருந்து ஒவ்வொருவரும் தள்ளத் தள்ள இவர் மேலே போய்க்கொண்டே இருந்தார். இப்போது ஏசி அறையில் தூங்குகிறார். இந்தக் கம்பெனியில் மேல்மாடி என்பது கீழே இருக்கிறவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டவர்களை அடுக்கி வைத்த இடம். தைத்ததில் கழித்துவிட்ட தள்ளுபடி பீசை எல்லாம் கட்டிப் பரணில் போடுவோமே, அப்படி. இந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, மனசுக்குள்ளேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் ரேணுகா. அதாவது நான் சொல்லப்போகிற பெயர். முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், தலையில் புதுப் பூ, காலையில் வேலைக்கு வரும்போது இந்தப் பூ இல்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்கும் தெரியும். கைமடி வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, வெட்டி வந்த துணியை எடுத்து ஜோடி சேர்த்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கிப் பிசிறு வெட்டி மடித்து அடுக்குவது. டெய்லர் உட்கார்ந்திருப்பார், கைமடி நாள் முழுக்க நிற்க வேண்டும். ரேணுகா நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. போன் வந்துவிடும், வயிறு வலிக்கும், சாமி கும்பிட்ட விபூதி யாருக்கோ கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு பண்டலில் மீடியம் உடம்புக்கு லார்ஜ் கையைச் சேர்த்துக் கொடுத்து, டெய்லரும் பார்க்காமல் தைத்து, அந்தப் பனியனைத் தூக்கிப் பார்த்தபோது கை தொங்கிக்கொண்டு யாரோ ஆற்றில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தது. “அக்கா, இப்பெல்லாம் இப்படித்தானுங்க்கா பேஷன்” என்றாள். இவளைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் எனக்கு நிம்மதி. காரணம்கூட யோசித்து வைத்திருக்கிறேன், கலகலப்பாகப் பழகுவாள். பொய்யில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. ஐந்தாவது ஆளிடம் மைக் போய்விட்டது. கடைசி வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், தெய்வானை உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வரும்போதே பார்த்துவிட்டேன், அங்கேதான் இருப்பாள்.

காலையில் கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற இடத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பதே எனக்குப் பிடிக்கவில்லை, வேலைக்கு வந்தால் நேராக லைனுக்குப் போக வேண்டியதுதானே. “அக்கா, ஒரு நிமிசமுங்க்கா.” “என்ன தெய்வானை?” “இன்னைக்கு மீட்டிங்ல பேரு சொல்லோணுமாமுங்க.” “ஆமா.” “எனக்கு ஐப்பசி வந்தா முப்பத்தஞ்சு முடியுதுங்க. அதுக்கு மேல போனா ட்ரெய்னிங்குக்கு எடுக்க மாட்டாங்களாமுங்க. இந்த வருசம் உட்டா அவ்வளவுதானுங்க்கா.” அவள் அதற்கு மேல் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, கெஞ்சியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கெஞ்சுகிறவர்களை மறுப்பது சுலபம். “மெசின்ல உக்காந்தா இடுப்பு போயிரும் புள்ளே” என்றேன். “நின்னா கால் போகுதுங்க்கா. எது போனாலும் ஒண்ணுதானுங்க, கொஞ்சம் மாத்திப் போகட்டுமே” என்று சிரித்துவிட்டுப் போனாள். ஒன்பது வருடமாக என் லைனில் கைமடி. அவள் ஜோடி சேர்த்துக் கொடுத்த துணியில் சாய வித்தியாசம் வந்து பீஸ் திரும்பியது கிடையாது. ஒரே நீலம்தான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பதை அவள் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு “இது வேற ரோல்” என்று பிரித்து வைப்பாள். எட்டு டெய்லருக்கு இரண்டு கைமடி என்று கணக்கு, ஆனால் ரேணுகாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எட்டுப் பேருக்கும் இவள்தான். இவள் மெஷின் கற்றுக்கொண்டதும் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் கைமடி டெய்லர் ஆவதற்குப் பயிற்சியும் கிடையாது பேனரும் கிடையாது. டீ நேரம்தான். டெய்லர் டீக்கு வெளியே போனால் அவன் திரும்பி வருவதற்குள் கைமடி மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பழகும். நல்ல டெய்லர் நூலை அப்படியே விட்டுவிட்டுப் போவான். கெட்டவன் போகும்போது நூலை உருவிவிட்டுப் போவான், கோர்க்கத் தெரியாமல் கைமடி விழிக்கட்டும் என்று. இவளுக்கு வாய்த்த டெய்லர் நல்லசாமி உருவிவிட்டுப் போகிறவன். ஆகவே இவள் ஓட்டுவதற்கு முன்னால் கோர்க்கக் கற்றுக்கொண்டாள். கோர்த்து, தைத்து, மறுபடியும் உருவி, அவன் விட்டது மாதிரியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவனுக்குக் கடைசிவரை தெரியாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு இந்த ரிஷிகேசன் வந்தான், நேரம் வீணாகிறது என்று டீயை வண்டியில் வைத்து மெஷினுக்கே கொண்டுவர ஏற்பாடு செய்தான். டெய்லர்கள் உட்கார்ந்த இடத்திலேயே குடிக்கிறார்கள். மெஷின் காலியாவதே இல்லை. ஓர் ஏணியைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டு இன்னோர் ஏணியைப் பேனரில் அச்சடித்திருக்கிறான். இனி மேலே போக இந்த மைக் ஒன்றுதான் வழி. இந்த மைக் என் கையில் வரப்போகிறது.

ஐம்பத்தேழு வயதில் ஒரு மைக்குக்குப் பயப்படுகிற ஜென்மம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் தம்பி கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரிக்காரன் யாரோ சொன்னதைக் கேட்டு என் கையில் மைக்கைத் திணித்தான், அக்கா நாலு வார்த்தை வாழ்த்துங்க என்று. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்த்தை வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது, அந்த மூச்சு மண்டபம் முழுக்க, சமையற்கட்டு வரைக்கும், தெருவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் கேட்டது. புஸ், புஸ் என்று. குழந்தைகள் பாம்பு பாம்பு என்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இப்போதும் அந்த மூச்சு எனக்குக் கேட்கிறது, இந்தக் கூரைக்குக் கீழே எல்லாமே இரண்டு மடங்காகக் கேட்கும். ஒரு பெயர்தானே. ரேணுகா. மூன்று எழுத்து, ஒரே மூச்சில் முடிந்துவிடும். தெய்வானை என்றால் நான்கு. சீ, இதையெல்லாமா எண்ணிக்கொண்டிருப்பது. ஆறாவது ஆள் எழுந்துவிட்டாள், பேக்கிங் வசந்தகோகிலம், அவள் சொல்வது காதில் விழவில்லை, கைதட்டு மட்டும் விழுகிறது. தெய்வானை போனால் ஆடியில் போகவேண்டிய சரக்கு என்ன ஆகும், யார் சாயம் பார்ப்பது, நானா, எனக்குக் கிட்டத்தில் கண் தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது, அது யாருக்கும் தெரியாது, தெய்வானைக்குத் தெரியும். பண்டலை என்னிடம் காட்டும்போது அவளே வாயால் சொல்லிவிடுவாள், “இது சின்ன சைஸ்ங்க்கா, இது பெரிசு” என்று, நான் படிக்கவேண்டியதில்லை என்பதற்காக. அதை அவள் உதவியாகச் செய்கிறாள் என்று ஒப்புக்கொண்டால் நான் அவளுக்குக் கடன்பட்டவளாகிவிடுவேன், ஆகவே அது அவள் பேச்சு வழக்கம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ரேணுகாவே இருக்கட்டும். ரேணுகா மேலே போவாள், மெஷின் தைக்க வராது, அங்கிருக்கிறவர்கள் தாங்க முடியாமல் அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவார்கள், பிறகு அவளும் ஒருநாள் இங்கே உட்கார்ந்து தன் லைனில் ஆகாத ஒருத்தியின் பெயரைச் சொல்லுவாள். அப்படித்தானே எல்லோரும்.

எல்லோரும் என்று சொன்னதில் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது, ஊசியில் துணி மாட்டினால் மெஷின் ஒரு மாதிரி உறுமுமே, அப்படி. எல்லோரும் என்றால். என்னைச் சூப்பர்வைசர் ஆக்கியது குப்பண்ண மாஸ்டர். அப்போது நான் ஓவர்லாக் மெஷினில் டெய்லர், அவர்தான் அந்த லைனை நடத்தினார். ஒருநாள் முதலாளி வந்தபோது என்னைக் காட்டி, “பாவாத்தாள எடுத்துக்குங்க, அவ கண்ணு நல்ல கண்ணுங்க, ஒரு தப்பு தப்பாது” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே போனேன். என் கண். இத்தனை வருடம் அந்த வார்த்தையைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தேன், யாராவது என்னைச் சிடுமூஞ்சி என்றால், பேசத் தெரியாதவள் என்றால், இருக்கட்டும், என் கண் நல்ல கண் என்று. மாஸ்டர் என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் அது உறைக்கிறது. டெய்லரை எதற்குக் கண்ணால் அளப்பது, டெய்லருக்குக் கைதானே. என் கை எப்படி இருந்தது. ஒரு தையல் அரை நூல் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். பக்கத்து மெஷின்காரி தூக்கிப் போடுகிற பண்டலை வாங்க நான் தயாராக இருக்க மாட்டேன். எனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் துணியில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “பாவாத்தாக்கா பிரிக்கறாங்கடி, அதுக்குள்ள நாம ஒரு தூக்கம் போட்டுக்கலாம்” என்று பின் மெஷின் காந்திமதி சொன்னாளே, நான் அதை அவளுடைய சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன். என்னை அனுப்பின மறுநாள் குப்பண்ண மாஸ்டர் லைனுக்கே வடை வாங்கிக் கொடுத்தார். எனக்காக என்று நினைத்தேன். ஐயோ. நான் போனதற்காக. பதினான்கு வருடமாகச் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் எடைபோட்டு, இவன் தள்ளுபடி, இவள் தள்ளுபடி என்று கட்டிக்கொண்டிருந்த மூட்டைக்குள் நானே இருந்திருக்கிறேன், அதுவும் அடியில், முதலில் போட்ட பீஸாக. முன்வரிசையில் கனகசபாபதி கொட்டாவி விடுகிறார். நானும் அவரும் ஒரே வழியாக வந்தவர்கள். அவருக்காவது தூக்கம் வருகிறது.

“அடுத்து பாவாத்தாள் மேடம்.” மைக் என் மடியில் இருந்தது, யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதன் கழுத்து சூடாக, ஏழு பேருடைய வேர்வையில் பிசுபிசுவென்று இருந்தது. எழுந்தேன். மூச்சு போய்விட்டது கூரைக்கு, புஸ் என்று. யாரோ சிரித்தார்கள். ரேணுகா பூவைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கமும் இல்லை, நியாயமும் இல்லை, வெறும் எரிச்சல். இவர்களெல்லாரும் செய்வதையே நானும் செய்ய வேண்டுமா, செய்து இவர்களோடு ஒரே படத்தில் நிற்க வேண்டுமா. “தெய்வானை” என்றேன். பின்பக்கத்திலிருந்து ஒரு குசுகுசுப்பு, “அய்யோ தெய்வானையா, அவளுக்கென்னடி ஆச்சு?” என்று. எனக்கு அப்போதுதான் விளங்கியது, இந்தக் கூட்டத்தில் பெயர் சொல்வது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். தெய்வானையும் ஆகாதவள் ஆகிவிட்டாள் என்றுதான் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ரிஷிகேசன் தலையை ஆட்டி, “சூப்பர் மேடம். ஏன் அவங்க? அவங்க ஸ்பெஷல் என்ன?” என்றான். கலகலப்பாகப் பழகுவாள் என்று நாக்கு நுனியில் இருந்தது, அது வேறு ஆளுக்கு வைத்த காரணம். நான் நிஜத்தைச் சொன்னேன். “அவ இல்லீன்னா எங்க லைனே ஓடாதுங்க.” சிரிப்பு நின்றது. முதல்தடவையாக என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்து எனக்கே கேட்டது, நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் கனகசபாபதி கண்ணைத் திறந்து திரும்பினார். “என்னம்மா சொல்றே? லைன் ஓடாதா?” “ஆமாங்க. எட்டு மெசினுக்கும் அவதானுங்க.” “அப்புறம் எப்படிம்மா அவளை அனுப்பறது? ஆடிக்கு சரக்குப் போகோணும். அந்தப் புள்ள அங்கயே இருக்கட்டும். வேற யாராச்சும் சொல்லு.” ரிஷிகேசனும் யோசித்தான், யோசிக்கும்போது அவன் முகம் ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது மாதிரி தெளிந்தது. “சார் சொல்றது கரெக்ட் மேடம். அவ்வளவு முக்கியமான ஆள்னா, அவங்க இருக்க வேண்டிய இடம் அதுதான். அவங்களுக்கு நாம ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்துடலாம்.” ஒரு சர்ட்டிபிகேட். ரேணுகா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒன்பது வருடத்தில் அவளைப் பற்றி நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அது அவள் கழுத்தில் போய் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். டிரம்முக்குப் பக்கத்தில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கோபமில்லை, ஆச்சரியமுமில்லை, இதுதான் நடக்கும் என்று தெரிந்து வந்தவள் மாதிரி. அந்த முகம் எனக்கு ஆகவில்லை. இந்த ஆட்கள் நல்லது என்று கேட்டால் பூட்டி வைப்பார்கள், கெட்டது என்று கேட்டால் மாலை போடுவார்கள். சரி, அவர்களுக்குப் புரிகிற பேச்சில் பேச வேண்டியதுதான். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். “இல்லீங்க, மேனேஜர் சார். நான் சும்மா பெருமைக்குச் சொன்னனுங்க. ஒரே லைன்ல இத்தன வருசம் இருந்தவ, நல்லவிதமாச் சொல்லி அனுப்பலாம்னு பாத்தனுங்க.” “அப்படின்னா?” “அவ ஒண்ணுக்கும் ஆக மாட்டாளுங்க.” சொல்லிவிட்டேன். அடுத்து என்ன என்று அவர் புருவத்தைத் தூக்கினார். குறை சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், நானும் தேடுகிறேன், ஊர் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிற இந்தக் கண்ணுக்கு அவளிடம் ஒன்று அகப்பட மாட்டேன் என்கிறது. பிசிறு, மடிப்பு, சாயம், வருகை, பேச்சு, ஒன்றிலும் இல்லை. ஆகவே கையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். “கை மெதுவுங்க. ஒரு பீச நாலு தடவ பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பா. பின்னால இருக்கறவங்க எல்லாம் அவளுக்காகக் காத்துக் கெடக்கோணும். யார்கிட்டயும் நல்லாப் பேசத் தெரியாது. மூஞ்சியும் எப்பவும் ஒரு மாதிரிதானுங்க. கூட இருக்கறவங்களுக்கு எரிச்சலா வருதுங்க. எடுத்துட்டுப் போனா எங்களுக்கு நிம்மதியா இருக்கும்.” ஒன்றுகூடத் தடுக்கவில்லை, மூச்சுகூட உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, பதினான்கு வருடத்துக்கு முன்னால் குப்பண்ண மாஸ்டர் முதலாளியிடம் சொல்லாமல் விட்டது அத்தனையும் வரிசையாக வந்தது. அரங்கு சிரித்தது, இது அவர்களுக்குப் பழகின சிரிப்பு. கனகசபாபதி தொடையில் தட்டிக்கொண்டு, “அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன பாவாத்தா? அனுப்பு, அனுப்பு. எழுதிக்கப்பா” என்றார். ரிஷிகேசன், “வளர்றதுக்கு நிறைய இடம் இருக்கிற ஆள்! இவங்களுக்குத்தான் இந்த ட்ரெய்னிங்கே. மேல வாங்க மேடம், ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றான். ரேணுகா பூவிலிருந்து ஒரு காம்பைக் கிள்ளிக் கீழே போட்டாள்.

தெய்வானை எழுந்து வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில் வழி குறுகலாக இருந்தது, என் முழங்காலில் அவள் சேலை உரசியது, அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்கை என் கையிலிருந்து அவளேதான் வாங்கிக்கொண்டாள். மேடையில் ஏறவில்லை, கீழேயே நின்றாள். நான் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு என்னைப்போல மூச்சு வாங்கவில்லை. “அக்கா சொன்னது அத்தனையும் நெசமுங்க” என்றாள். “இத்தன மோசமான ஆளா இருந்தும் அவங்க என்னை ஒம்பது வருசம் பக்கத்துலயே வெச்சுக்கிட்டாங்க. வேற யாராச்சுமா இருந்திருந்தா எப்பவோ மேல அனுப்பியிருப்பாங்க.” அரங்கு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மேனேஜர் சிரித்தார், ரேணுகாகூடச் சிரித்தாள், ரிஷிகேசன் எதற்கென்று தெரியாமல் எல்லோரையும்விட நேரம் கழித்துச் சிரித்தான். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி என்று யாராவது சொன்னால், அவர்களையும் நான் ஒரு ஆளாக மதிக்க மாட்டேன்.